பன்னிரண்டு ஸ்பீக்கருக்கும் பொட்டு வைத்தது நான்தான்

மந்தைவெளி,
விஜயதசமிக்கு மறுநாள், வெள்ளிக்கிழமை,
காலை மணி ஒன்பதே கால்.

மரியாதைக்குரிய ஜமீலுன்னிசா அம்மா அவர்களுக்கு, தங்கள் ஆபீசில் செல்போன் ஸ்பீக்கர் டிசைன் செய்யும் தீபிகாவின் தகப்பன் சண்முகவேல் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவி சுந்தரவல்லியும் நலம். தாங்களும் தங்கள் வீட்டாரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். தங்களை நான் நேரில் பார்த்ததில்லை. தீபிகாவின் போனில் ஆபீஸ் குரூப் போட்டோ ஒன்று பார்த்தேன், நடுவில் நிற்பது நீங்கள் என்று காட்டினாள். அரக்கு உடலுக்கு மயில்கழுத்து பார்டர் போட்ட பட்டுச்சேலை. அது எங்கள் கடைச் சரக்கு. தி.நகர் உஸ்மான் ரோட்டில் முப்பத்தெட்டு வருஷம் பட்டுப் பிரிவில் நின்று ஓய்வு பெற்றவன் நான், என் கண்ணுக்குத் தப்பாது. கட்டிக்கொண்டவருக்கு அந்தக் கலர் எடுப்பாக இருந்தது என்பதையும் மரியாதையோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

இன்று பதினொரு மணிக்கு வெளிநாட்டு போன் கம்பெனிக்காரர்கள் உங்கள் ஆபீசுக்கு வந்து தீபிகாவின் ஸ்பீக்கரைக் கேட்டுப் பார்க்கப் போகிறார்கள் என்று தெரியும். அதற்கு முன்னால் இந்தக் கடிதம் உங்கள் கையில் சேர வேண்டும். மந்தைவெளியிலிருந்து அடையாறுக்கு ஆட்டோவில் கால் மணி நேரம். ஆகவே மிகச் சுருக்கமாக எழுதி நானே கொண்டுவந்து வாசல் செக்யூரிட்டியிடம் கொடுத்துவிடுகிறேன்.

விஷயம் இவ்வளவுதான். அவள் இன்று கொண்டுவந்திருக்கும் டப்பாவில் உள்ள ஸ்பீக்கர்கள் அத்தனைக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தது நான். தீபிகா இல்லை. என் மனைவியும் இல்லை. நான் மட்டும்தான். தண்டனை எதுவானாலும் எனக்குக் கொடுங்கள்.

இது எப்படி நடந்தது என்று நீங்கள் கேட்பீர்கள் என்பதால் ஆரம்பத்திலிருந்து சொல்லிவிடுகிறேன். அந்த ஸ்பீக்கர் ஒரு புளியங்கொட்டை அளவு இருக்கிறது. உங்களுக்குத் தெரியாததா, இருந்தாலும் எனக்கு எவ்வளவு தெரியும் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா. அதன் மேலே வெங்காயச் சருகு மாதிரி ஒரு ஏடு. அதன் அடியில் முடியைவிட மெல்லிய கம்பியைச் சுற்றி ஒட்டியிருக்கிறார்கள், அதற்கும் அடியில் காந்தம். கரண்டு வந்ததும் ஏடு மேலும் கீழும் துள்ள வேண்டும், அந்தத் துள்ளல்தான் நமக்குப் பேச்சாகவும் பாட்டாகவும் கேட்கிறது. இதற்கு முன்னால் மற்றவர்கள் போட்ட டிசைனில் அவள் திருத்தம் மட்டும் செய்துகொண்டிருந்தாள். இதுதான் அவளே முதலிலிருந்து கோடு கிழித்தது. ஆறு மாசம் உட்கார்ந்தாள். எல்லாம் சரியாக வந்தும் ஒரு குறிப்பிட்ட சுருதியில் மட்டும் கர்ர்ர் என்று ஒரு கரகரப்பு. அது மட்டும் போகவே மாட்டேன் என்றது. ஏடு நேராகத் துள்ளாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடுகிறது, கம்பி போய்க் காந்தத்தில் உரசுகிறது என்று சொன்னாள். "இந்தத் தடவையும் கரகரன்னா இதை வேற ஆள் கையில குடுத்துருவாங்கப்பா" என்று போன வாரம் தோசையைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள். சொல்லிவிட்டு அந்தத் தோசையைச் சாப்பிடவில்லை. பெற்ற வயிறு, அம்மா, பார்த்துக்கொண்டு சும்மா இருக்குமா?

அந்தக் கரகரப்பைப் பிடிப்பதற்காக அவள் வீட்டில் ஒரு சத்தம் ஓடவிடுவாள். அடியில் ஊஊ என்று ஆரம்பித்து மெல்ல மெல்ல ஏறி ஈஈ என்று முடியும். திரும்பவும் ஊஊ. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதுதான். கீழ்வீட்டு வெள்ளைத்துரை சார் அபார்ட்மெண்ட் சங்கத்தின் செயலாளர், அவர் இதைக் கேட்டுவிட்டுத் தண்ணீர் மோட்டாரில் பேரிங் போய்விட்டது என்று முடிவு செய்து மோட்டார் ரிப்பேர் செய்யும் ஷோயபைக் கூப்பிட்டுவிட்டார். ஷோயப் மோட்டாரை அக்கு அக்காகக் கழற்றிப் படிக்கட்டில் பரப்பி வைத்தான். எட்டு வீட்டுக்கும் மத்தியானம் வரை தண்ணீர் இல்லை. கடைசியில் அவன் எங்கள் வாசலில் வந்து நின்று, "சார், மோட்டரு சூப்பரா கீது. சத்தம் உங்க வூட்லேர்ந்து வந்துகினு கீது. உள்ள இன்னா வெச்சிகினு கீறீங்க?" என்றான். தீபிகா புளியங்கொட்டையைக் காட்டினாள். அவன் அதைக் கையில் வாங்கி ஒரு தடவை, அவளைப் பார்த்து ஒரு தடவை, "இத்துனூண்டா" என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அரைமணி நேரம் கேட்டான். கரகரப்பு எந்த இடத்தில் வருகிறது என்று முதலில் கை தூக்கியவன் அவன்தான். வெள்ளைத்துரை சார் மட்டும் எங்களோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

எனக்கும் இந்த விஷயத்தில் அனுபவம் உண்டு என்பதை இங்கே சொல்ல வேண்டும். கடையில் கடைசி ஐந்தாறு வருஷம் பாதி வியாபாரம் வீடியோ காலில்தான். தாய் இங்கே ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார், மகள் அமெரிக்காவில். நான் முந்தானையை விரித்துப் பிடிப்பேன், தாய் போனைத் தாம்பாளம் மாதிரி ஏந்திக்கொண்டிருப்பார். யாரும் காதில் வைப்பதில்லை. கூட்டத்தில், ஏசி இரைச்சலில், மைக்கில் யாரோ குழந்தை தொலைந்த அறிவிப்புச் செய்கிற நேரத்தில், அந்தச் சின்ன ஓட்டை வழியாக மகளின் குரல் வர வேண்டும். வராது. கரகர என்றுதான் வரும். தாய் உடனே, "சரின்னுட்டா, பில் போடுங்க" என்பார். மூன்றாம் நாள் அதே சேலை திரும்பி வரும். இதையெல்லாம் நான் தீபிகாவிடம் சொன்னபோது அவள் குறித்துக்கொண்டாள். "உஸ்மான் ரோடு டெஸ்ட்" என்று அவள் கம்ப்யூட்டரில் ஒரு பக்கமே இருக்கிறது, நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது என்னுடையது.

சரி, புதன்கிழமைக்கு வருகிறேன். ஆயுத பூஜை. ஆபீஸ் லீவு என்பதால் நீங்கள் கையெழுத்துப் போட்டு அனுமதித்துத்தான் மாதிரிகளை வீட்டுக்குக் கொண்டுவந்தாள், அதில் அவள் மேல் தப்பில்லை. பன்னிரண்டு குழி உள்ள ஒரு கறுப்புத் தட்டு, ஒவ்வொரு குழியிலும் ஒன்று, பக்கத்தில் நம்பர். மேல்மூடி இன்னும் மாட்டவில்லை, ஏடு வெளியே தெரிந்தது. அவள் தன் சிநேகிதி ருக்சாரைப் பார்க்கப் பெசன்ட் நகர் போயிருந்தாள். எங்கள் வீட்டில் எல்லா ஆயுதத்தையும் கழுவித் துடைத்து வைத்தாயிற்று. அரிவாள்மணை, கத்தரிக்கோல், தையல் மெஷின், மிக்ஸி, என்னுடைய பழைய முழக்கோல், வண்டிச் சாவி, அவளுடைய லேப்டாப். எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டு வரும்போது இந்தத் தட்டு கண்ணில் பட்டது. பிள்ளை ஆறு மாசமாக உயிரை விட்டுக்கொண்டிருப்பது இதற்காக. லேப்டாப்புக்கு வைத்துவிட்டு இதற்கு வைக்காமல் விட்டால் சரஸ்வதிதான் என்ன நினைப்பாள்? உங்கள் ஆபீசில் லிஃப்டுக்கும் காபி மெஷினுக்கும்கூடப் பொட்டு வைத்ததாக அவளே சொன்னாள். ஆகவே ஒவ்வொன்றாக, விரல் நுனியால், ரொம்பப் பக்தியோடு வைக்கப்பட்டது. அதாவது நான் வைத்தேன். என் மனைவி அப்போது அடுப்படியில் இருந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவள் அந்தப் பக்கம் வரவே இல்லை.

சாயங்காலம் தீபிகா வந்து பார்த்தாள். கத்தவில்லை, அம்மா. கத்தியிருந்தால் தேவலை. பூஜை வைத்த இடத்துக்கு எதிரே அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "அது பேசுற இடம். அதோட வாயிலேயே வெச்சாச்சா?" என்றாள். சந்தனம் ஈரமாக இருக்கும்போதே துடைத்துவிடலாம் என்று கையை நீட்டினாள். அப்போது, "ஏட்டி, பூசையில வெச்சத நாளைக்கு மறுபூசை முடியாம எடுக்கப்படாது" என்று ஒரு குரல் தடுத்தது. அந்தக் குரலும் என்னுடையதுதான். சரஸ்வதிக்கு முன்னால் வைத்ததை விஜயதசமி காலையில்தானே எடுப்போம், அதற்கு முன்னால் எடுத்தால் படித்த படிப்பு தங்காது என்பார்கள். பொறியியல் படித்த பெண் கையை இழுத்துக்கொண்டாள். அதற்குப் பயந்தாளா, வீட்டில் சண்டை வேண்டாம் என்று விட்டாளா தெரியாது. ஒரு நாள் முழுக்கச் சந்தனம் காய்ந்தது. நேற்றுக் காலை மறுபூஜை முடிந்து காது குடையும் பஞ்சுக் குச்சியால் சுரண்டிப் பார்த்தாள். முதல் மூன்றும் ஏடு கிழிந்துவிட்டது. மீதி ஒன்பதை அப்படியே விட்டுவிட்டாள்.

இன்று காலை அந்த ஒன்பதையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு நானும் வருகிறேன், மேடத்திடம் நானே சொல்கிறேன் என்றேன். "வேண்டாம்ப்பா, என் சாமான், நான்தான் பத்திரமா வெச்சிருக்கணும், நானே சொல்லிக்கிறேன்" என்றாள். யார் மேலும் பழி போடாமல் போனாள் பாருங்கள். அம்மா, நான் ஆயிரம் கல்யாணத்துக்குச் சேலை எடுத்துக் கொடுத்தவன். பிடிக்கவில்லை என்று ஒருவர் எழுந்து போனால் ஏன் போகிறார் என்று எனக்குத் தெரியும், அடுத்த சேலைக் கட்டைப் பிரிப்பேன். இங்கே எந்தக் கட்டைப் பிரிப்பது என்று தெரியவில்லை. அந்த ஸ்பீக்கர் அவளுடையது. அதை இன்னொருத்தர் கையில் கொடுத்துவிடாதீர்கள். வேண்டுமானால் வெளிநாட்டுக்காரர்களிடம் இந்தக் கடிதத்தையே படித்துக் காட்டுங்கள். அவர்களுக்கும் தகப்பன் என்று ஒருவர் இருப்பார்தானே.

போன் அடிக்கிறது. ஒரு நிமிஷம்.

அம்மா, மணி பதினொன்று நாற்பது ஆகிவிட்டது என்பதை இப்போதுதான் பார்த்தேன். கூப்பிட்டது தீபிகா. அவசரத்தில் எழுதுகிறேன், எழுத்துக் கோணலாக இருந்தால் மன்னிக்கவும். எட்டு ஸ்பீக்கர் கம்பளிக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி அமுங்கிப் போய்விட்டதாம். ஏழாம் நம்பர் மட்டும் அடியிலிருந்து உச்சி வரை சுத்தமாகப் போகிறதாம். கர்ர் என்ற சத்தமே இல்லையாம். வெளிநாட்டுக்காரர் மூன்று தடவை போடச் சொல்லிக் கேட்டுவிட்டு, மேலே ஒட்டியிருப்பது என்ன பொருள் என்று கேட்டாராம். நீங்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்துவிட்டு, "சந்தனம்" என்றீர்களாம். மற்றதில் எல்லாம் பொட்டு நடுவில். ஏழாவதில் மட்டும் ஒரு மூலையில். அந்த மூலையில் கனம் ஏறியதும் ஏடு சாய்வதை நிறுத்திவிட்டு நேராகத் துள்ளுகிறதாம். "ஆறு மாசமா தேடினது அந்த மூலையிலதாம்ப்பா இருந்துச்சு" என்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை, போன் ஸ்பீக்கர் சரியில்லை. டிசைன் அவள் கையிலேயே இருக்கும், சரி செய்து காட்ட இரண்டு வாரம் தந்திருக்கிறார்கள் என்றும், எவ்வளவு கனம், எந்த இடம் என்று அளந்து பார்க்கப் பொட்டு வைத்தவரையே திங்கட்கிழமை நீங்கள் வரச் சொன்னதாகவும் சொன்னாள். பிறகு, "அம்மா எங்கே?" என்று கேட்டாள். அது எப்போதும் கேட்பதுதான். குளிக்கிறாள் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இனி மறைப்பதற்கு ஒன்றுமில்லை, அம்மா. ஏழாம் நம்பரில் மூலையில் வைத்தது தற்செயல் அல்ல. சேலைக்கு ஃபால்ஸ் ஏன் தைக்கிறோம்? கீழ் ஓரத்தில் ஒரு பட்டையை வைத்துத் தைத்துக் கனம் கூட்டினால்தான் மடிப்பு ஆடாமல் நேராக விழும். அதே கணக்குத்தான் இது. தீபிகா சாய்கிறது, ஆடுகிறது என்று சொன்ன அன்றே எனக்கு உள்ளே ஒரு பொறி தட்டிவிட்டது. முப்பத்தெட்டு வருஷம் விரல் நுனியால் ஜரிகையின் எடையைச் சொன்ன கை, அம்மா. மற்ற பதினொன்றையும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகவே நடுவில் வைத்தேன். நீங்கள் உங்கள் ஆராய்ச்சியில் அப்படித்தானே செய்வீர்கள்?

திங்கட்கிழமை பத்து மணிக்கு வந்துவிடுகிறேன். கடைச் சந்தனப் பொடி ஒத்துவராது, கட்டையும் கல்லும் நானே கொண்டுவருவேன். ஜன்னல் பக்கம் ஒரு மேஜை போதும், ட்யூப்லைட் வெளிச்சத்தில் எனக்குக் கலர் பிடிபடாது. உங்கள் இன்ஜினீயர்கள் பக்கத்தில் நின்று பார்க்கலாம், கேள்வியைக் கடைசியில் கேட்கட்டும். போன் மேல் என் பெயர் போட வேண்டும் என்ற ஆசையெல்லாம் எனக்கு இல்லை. பெட்டியின் அடிப்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருந்தாலே போதும்.

தங்கள் ஆபீஸ் நாளுக்கு நாள் ஓங்க வேண்டும். தாங்கள் கட்டுகிற சேலை ஒவ்வொன்றும் சாயம் போகாமல் இருக்க வேண்டும். ஊரில் ஒலிக்கிற போனெல்லாம் தங்கள் கைப்பட்ட ஸ்பீக்கரில் நல்ல சேதியாகவே ஒலிக்க வேண்டும் என்று மனதார வேண்டிக்கொள்ளும்,

சண்முகவேல்
(ஸ்பீக்கர் சம்பந்தமான ஆலோசனைகளுக்கு எந்த நேரமும் அழைக்கலாம்)

பின்குறிப்பு: அம்மா, வணக்கம். இது சுந்தரவல்லி எழுதுறேன். அவர் கவர் வாங்கக் கடைக்குப் போயிருக்கார். போற அவசரத்துல கடுதாசியை மேஜை மேலயே விட்டுட்டாரு, முழுக்கப் படிச்சேன். பொட்டு வெச்சது நான். பன்னிரண்டுக்கும் நான். அவர் அப்ப வீட்டுலயே இல்ல. திருஷ்டிப் பூசணிக்கா வாங்க மாட வீதிக்குப் போனவரு ஒன்றரை மணி நேரம் கழிச்சு ரெண்டு வாழைக்கன்னோட வந்தாரு, பூசணிக்காய மறந்துட்டாரு. எடுக்கப்படாதுன்னு பிள்ளைய அதட்டினதும் நான்தான். ரெண்டு நாளா எனக்குச் சோறு எறங்கல. என் பேரு வெளிய வரக்கூடாதுன்னு அவர் பழிய எல்லாம் தன் மேல போட்டு எழுதியிருக்காரு பாருங்க, அந்த மூணு பக்கத்தையும் படிச்சிட்டு முந்தானைய வாயில வெச்சுக்கிட்டு அழுதேன். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்துல எனக்காக அவர் இவ்வளவு நீளமா எதையும் எழுதினதில்ல. அப்புறம் நாலாவது பக்கத்தப் படிச்சேன். அழுகை நின்னுபோச்சு.

அந்த ஃபால்ஸ் கதைய நம்பாதீங்க. அவருக்குச் சேலை விக்கத் தெரியும். அவரு வித்த சேலைக்கெல்லாம் ஃபால்ஸ் தெச்சது நான். பழி வந்தா அவருது, பேரு வந்தாலும் அவருதுன்னா நான் எதுக்கு இருக்கேன்? தீபிகா எனக்கும் போன் பண்ணிட்டா. திங்கக்கிழமை நான்தான் வரேன். அவரு கல்லத் தூக்கிட்டுக் கூட வருவாரு, வர வேண்டாம்னா முகம் வாடிரும்.

ஒரே ஒரு சங்கதி. ஏழாவதுல மட்டும் ஏன் அந்த மூலையில வெச்சேன்னு தீபிகா மூணு தடவ கேட்டா, நீங்களும் கேப்பீங்க. யோசிச்சுப் பாத்துட்டேன். சுண்டலுக்குக் கொண்டக்கடலை வேகப் போட்டிருந்தேன், குக்கர் விசில் அடிச்சுது, எத்தனாவதுன்னு திரும்பிப் பாத்தேன், விரல் நகந்துருச்சு. அவ்வளவுதான். அதே மூலை வேணும்னா அதே மாதிரிதான் வெக்கணும், வேற வழி எனக்குத் தெரியாது. உங்க ஆபீசுல ஒரு அடுப்பு மட்டும் ஏற்பாடு பண்ணிருங்க. குக்கரையும் கடலையையும் நான் கொண்டாந்துருதேன்.